காந்தக் கவசத்தில் 'விரிசல்': அந்தக் கோட்டைக் கொஞ்சம் அசைய விடுவோம்

(நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள். பத்தாம் வகுப்பு அறிவியல் தெரிந்திருந்தால் போதும்.)



"பூமியின் காந்தக் கவசத்தில் விரிசல்!" "சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே ரகசிய வாசல் திறந்தது!" "இன்று இரவு காஸ்மிக் கதிர் வருகிறது, செல்போனை அணைத்துத் தள்ளி வையுங்கள்!" வருஷத்துக்கு நாலு தடவையாவது இப்படி ஒன்று வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. பழைய மாணவர்கள் யாராவது அதை எனக்கு அனுப்பி, "சார், இது நிஜமா? பூமிக்கு ஆபத்தா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிட்டால் எல்லோருக்கும் ஆகும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தச் செய்திகளுக்கு நாம் இவ்வளவு சுலபமாகப் பயப்படுவதற்கு வாட்ஸ்அப்பை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாடப்புத்தகத்தில் வரும் படமும் ஒரு காரணம். இடது பக்கம் சூரியன், வலது பக்கம் பூமி, பூமியைச் சுற்றி வெங்காயத்தை நறுக்கியது போல வளைந்த கோடுகள். அவற்றுக்கு வெளியே அழுத்தமாக ஒரு எல்லைக் கோடு. கீழே "காந்தப்புலம் பூமியைக் கவசம் போலக் காக்கிறது" என்று ஒரு வரி. இந்தப் படத்தில் எதுவும் அசைவதில்லை. கவசம் என்றால் அசையக் கூடாது, ஓட்டை விழக் கூடாது. அதனால்தான் "விரிசல்" என்ற சொல்லைக் கேட்டதும் வயிற்றைக் கலக்குகிறது.

உண்மையில் அந்தக் கோடு ஒரு நாளும் சும்மா இருப்பதில்லை. சில நிமிடங்களுக்கு ஒருமுறை உள்ளே போகிறது, வெளியே வருகிறது, நெளிகிறது. சில நேரம் சின்னதாகத் திறந்து மூடவும் செய்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் நேரத்திலும் அது நடந்துகொண்டிருக்கலாம். இதைச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் பயப்பட மாட்டார்கள், ஆசையாகக் கேட்பார்கள் என்பது என் நம்பிக்கை.

முதலில் சில எண்கள்.

சூரியனிலிருந்து எப்போதும் மின்னூட்டம் பெற்ற துகள்கள் வீசிக்கொண்டே இருக்கின்றன. அதுதான் சூரியக் காற்று. வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். ஆனால் அடர்த்தி மிகக் குறைவு, ஒரு சர்க்கரைக் கட்டி அளவு இடத்தில் ஐந்தாறு துகள் இருந்தால் அதிகம். இந்தக் காற்று பூமியின் காந்தப்புலத்தை அமுக்குகிறது, காந்தப்புலம் எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடம்தான் எல்லை. பகல் பக்கத்தில், அதாவது சூரியனைப் பார்த்த பக்கத்தில், அது பூமியின் மையத்திலிருந்து பூமியின் ஆரத்தைப் போலப் பத்து மடங்கு தூரத்தில், சுமார் 64,000 கிலோமீட்டரில் இருக்கும். எல்லைக்கு உள்ளே இருப்பதற்குக் காந்தக்கோளம் என்று பெயர். ஆங்கிலத்தில் இந்தப் பெயரை 1959இல் வைத்தவர் தாமஸ் கோல்ட். இப்படி ஒரு குழிவு இருக்க வேண்டும் என்று 1930களின் தொடக்கத்திலேயே கணக்கிட்டவர்கள் சாப்மனும் ஃபெராரோவும்.

இன்னொரு விஷயம். காற்று நேரடியாக எல்லையில் வந்து மோதுவதில்லை. அதற்குச் சில பத்தாயிரம் கிலோமீட்டர் முன்னாலேயே ஒரு அதிர்ச்சி அலை நிற்கிறது. வீட்டுத் தொட்டியில் குழாயைத் திறந்து பாருங்கள். தண்ணீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிசாக, வேகமாக ஓடும். கொஞ்ச தூரத்தில் திடீரென்று தடித்து, ஒரு வளையம் போல நிற்கும். வேகமாக ஓடியது சட்டென்று வேகம் குறைந்து குவிவதால் வரும் வளையம் அது. பூமிக்கு முன்னால் சூரியக் காற்றும் அப்படித்தான் வேகம் குறைந்து, சூடாகி, அடர்ந்து, பிறகு எல்லையைச் சுற்றிக்கொண்டு வழிந்து ஓடுகிறது.

காற்று என்று சொல்கிறோம். எந்தக் காற்று சீராக வீசியிருக்கிறது? ஆடி மாசம் கொடியில் காயும் வேட்டியைப் பார்த்தால் தெரியும். காற்று கூடினால் ஒரு பக்கம் உள்வாங்கும், குறைந்தால் உப்பும். ஒரு ஓரத்தில் கிளம்பிய நெளிவு மறு ஓரம் வரை ஓடும். காந்தக்கோளத்தின் எல்லையும் அப்படித்தான்.

கணக்குப் பிரியர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எல்லையின் தூரம், காற்றின் அழுத்தத்தினுடைய ஆறாம் படிமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது. அழுத்தம் இரண்டு மடங்கானால் தூரம் சுமார் 11 சதவீதம்தான் குறையும், அதாவது 7,000 கிலோமீட்டர் உள்ளே வரும். தூரம் பாதியாக வேண்டுமென்றால் அழுத்தம் 64 மடங்காக வேண்டும். ஆக, எல்லை சுலபமாக அசையும், ஆனால் சுலபத்தில் நொறுங்காது. 7,000 கிலோமீட்டர் என்பது பூமியின் ஆரத்தைவிட அதிகம். அவ்வளவு தூரம் அசைவது அங்கே சாதாரண விஷயம்.

இனி கதைக்கு வருவோம். இந்தத் துறையில் பல வருஷம் நடந்த ஒரு வாதத்தின் கதை. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

1961இல் ஜேம்ஸ் டஞ்சி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி ஒரு யோசனை சொன்னார். சூரியக் காற்றும் தன்னோடு ஒரு காந்தப்புலத்தை இழுத்து வருகிறது. பகல் பக்க எல்லையில் பூமியின் புலம் வடக்கு நோக்கி இருக்கிறது. வரும் புலம் தெற்கு நோக்கி இருந்தால், எதிரெதிரான இரண்டு புலக்கோடுகளும் அறுந்து, ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இதற்குக் காந்த மறு இணைப்பு என்று பெயர். அப்போது எல்லையில் வாசல் திறந்தது மாதிரி, சூரியக் காற்றின் ஆற்றல் உள்ளே வரும்.

1977 அக்டோபரில் ஐசீ-1, ஐசீ-2 என்ற இரண்டு செயற்கைக்கோள்கள் ஜோடியாக அனுப்பப்பட்டன. எல்லைக்குப் பக்கத்தில் அவை போகும்போதெல்லாம் ஒரு விசித்திரம் பதிவானது. எல்லைக்குச் செங்குத்தான திசையில் காந்தப்புலம் முதலில் வெளிப்பக்கம் சாயும், உடனே உள்பக்கம் சாயும். ஒன்றிரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்து பழையபடி ஆகிவிடும். சில நிமிடம் கழித்து மறுபடியும் வரும். சராசரியாக 8 நிமிடத்துக்கு ஒருமுறை என்று பிற்பாடு கணக்கிட்டார்கள். 1978இல் ரஸ்ஸல், எல்ஃபிக் என்ற இருவர் இதற்கு விளக்கம் கொடுத்தார்கள். டஞ்சி சொன்ன வாசல் தொடர்ந்து திறந்திருப்பதில்லை, விட்டுவிட்டுத் திறக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கயிறு மாதிரி காந்தப்புலக் கற்றை உருவாகி எல்லையை ஒட்டி நழுவிப் போகிறது. அது செயற்கைக்கோளைக் கடக்கும்போதுதான் இந்த ஆட்டம் தெரிகிறது என்றார்கள்.

பத்து வருஷம் கழித்து டேவிட் சைபெக் என்ற அமெரிக்க விஞ்ஞானி வேறொரு கேள்வி கேட்டார். வாசல் திறந்துதான் இப்படித் தெரிய வேண்டுமா? சூரியக் காற்றின் அழுத்தம் ஒரு நிமிடம் கூடிக் குறைந்தாலும் எல்லையில் ஒரு நெளிவு ஓடும். அந்த நெளிவு செயற்கைக்கோளைக் கடந்தாலும் புலம் ஒரு பக்கம் சாய்ந்து மறு பக்கம் சாயுமே! நீங்கள் வாசல் என்று சொல்வதில் எத்தனை வெறும் நெளிவு?

நியாயமான கேள்விதான். இதை ஏன் உடனே தீர்க்க முடியவில்லை என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன்.

திருவிழா ராத்திரி. நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருக்கிறீர்கள். மேளச் சத்தம் மெதுவாகக் கேட்கிறது, பெரிதாகிறது, பிறகு தேய்கிறது. என்ன நடந்தது? சாமி ஊர்வலம் உங்கள் தெரு வழியாகப் போயிருக்கலாம். அல்லது மேளக்காரர்கள் கோயில் வாசலிலேயே நின்று, ஓங்கி அடித்துவிட்டுப் பிறகு குறைத்திருக்கலாம். உங்கள் காது ஒன்றை மட்டும் வைத்து இதைச் சொல்லவே முடியாது. எவ்வளவு கூர்மையான காதாக இருந்தாலும் முடியாது. அடுத்த தெருவில் இருப்பவரிடம் கேட்க வேண்டும். "உங்களுக்கு எப்போது சத்தம் பெரிதாகக் கேட்டது?" அவருக்கு ஐந்து நிமிடம் முன்னால் கேட்டிருந்தால் ஊர்வலம் நகர்ந்திருக்கிறது. உங்களுக்குக் கேட்ட அதே நேரத்தில் கேட்டிருந்தால் மேளம் நின்ற இடத்திலேதான் இருந்திருக்கிறது.

ஒரு செயற்கைக்கோள் என்பது ஒரு வீட்டுக் காது. இரண்டு பக்கத்துப் பக்கத்து வீட்டுக் காதுகள் இருந்தால் கொஞ்சம் தேவலை. ஊர்வலம் போன பாதையே தெரிய வேண்டும் என்றால் நாலைந்து தெருவில் ஆள் வேண்டும்.

அதைத்தான் அடுத்த தலைமுறை செய்தது. ஐரோப்பியர்கள் கிளஸ்டர் என்று நாலு செயற்கைக்கோள்களைக் கட்டினார்கள். 1996 ஜூனில் ஏரியான்-5 ராக்கெட்டின் முதல் பயணத்திலேயே நாலும் வெடித்துச் சிதறின. மனம் தளராமல் மறுபடியும் கட்டி 2000இல் அனுப்பினார்கள். 2007 பிப்ரவரியில் அமெரிக்காவின் தெமிஸ், ஐந்து செயற்கைக்கோள்கள். 2015 மார்ச்சில் எம்எம்எஸ், மறுபடியும் நாலு. ஒரே கேள்விக்காக இத்தனை காதுகள்.

விடை என்ன? இரண்டு பேர் சொன்னதும் நடக்கிறது. வரும் புலம் தெற்கு நோக்கி இருக்கும்போது டஞ்சி சொன்ன வாசல் விட்டுவிட்டுத் திறக்கிறது, கயிறு போன்ற கற்றைகள் கிளம்புகின்றன. புலம் வேறு திசையில் இருக்கும்போதும் அழுத்தம் ஏறி இறங்கி நெளிவுகள் ஓடுகின்றன.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒன்று உண்டு. அதே சைபெக் பிற்பாடு தெமிஸ் திட்டத்தின் விஞ்ஞானியாக இருந்தார். 2008இல் அவரே வெளிப்படையாகச் சொன்னார்: பத்து வருஷத்துக்கு முன் இந்த வாசல்கள் இல்லை என்று உறுதியாக நம்பியிருந்தேன், இப்போது சான்று மறுக்க முடியாததாக இருக்கிறது என்று. அவர் கேட்ட கேள்வி வீண் போகவில்லை. அது இருந்ததால்தான் மற்றவர்கள் இன்னும் கவனமாக அளந்தார்கள். சான்று வந்ததும் அவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. தேர்தலிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் நாம் பார்க்காத குணம் இது.

ஆனால் இந்தச் செய்தி நம் கைக்கு எப்படி வந்தது தெரியுமா? "ரகசிய வாசல் கண்டுபிடிப்பு" என்று வந்தது. அந்த மனிதர் மனம் மாறிய கதை வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

இன்னும் ஒரு ஆச்சரியம் இருக்கிறது. எல்லையை ஆட்டுகிற எல்லாக் குலுக்கலும் சூரியனிலிருந்து வருவதில்லை. சில குலுக்கல்கள் நம் வாசலிலேயே தயாராகின்றன. முன்னால் சொன்ன அதிர்ச்சி அலையில் மோதும் துகள்களில் கொஞ்சம் பட்டுத் தெறித்து, வந்த வழியே சூரியனை நோக்கித் திரும்பி ஓடும். அவை எதிரே வரும் காற்றோடு மோதிக் குழப்பம் செய்யும். அங்கே சூடான, அடர்த்தி குறைந்த குமிழிகள் உருவாகும். குமிழி இருக்கும் இடத்தில் அழுத்தம் குறைவு, அதனால் எல்லை அந்த இடத்தில் வெளியே உப்பும்.

1996 ஜூலை 24 அன்று இப்படி ஒரு குமிழி வந்தது. அந்த எல்லை வழக்கமான இடத்தைவிடப் பூமியின் ஆரத்தைப் போல ஐந்து மடங்கு தூரம், அதாவது ஏறத்தாழ 32,000 கிலோமீட்டர் வெளியே போய்விட்டு, சுமார் ஏழு நிமிடத்தில் திரும்பி வந்தது. சூரியனில் அதற்கென்று தனியாக எந்த வெடிப்பும் தேவைப்படவில்லை. பூமியில் ஒருவரும் உணரவில்லை. செய்தித்தாளில் ஒரு வரி வந்திருக்காது. எல்லை அசைந்தாலே ஆபத்து என்று நினைப்பவர்களுக்கு இந்த ஒரு நிகழ்ச்சி போதும்.

2007 ஆகஸ்ட் 7 அன்று தெமிஸின் ஐந்து காதுகளும் இன்னொன்றைக் கேட்டன. வேகமான ஒரு பிளாஸ்மாத் தாரை வந்து எல்லையில் ஓங்கி அடித்தது. அடிபட்ட எல்லை பறைத்தோல் மாதிரி அதே இடத்தில் அதிர்ந்தது. ஒரு முறை போய் வர ஒன்பது நிமிடத்துக்கு மேல், நம் காதுக்கு எட்டாத அடிக்குரல். இப்படி அதிரும் என்று கணக்கு 1970களிலேயே சொல்லியிருந்தது. நேரடிச் சான்றை மார்ட்டின் ஆர்ச்சர் குழு 2019இல்தான் வெளியிட்டது. ஐந்து செயற்கைக்கோள்களும் அன்று ஒரே வரிசையில் சரியான இடத்தில் இருந்ததால் கிடைத்த சான்று. ஒன்று மட்டும் இருந்திருந்தால், "ஏதோ ஆடியது" என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள்.

சரி, "விரிசல்" செய்தி எங்கிருந்து வந்தது? நம் ஊட்டியிலிருந்துதான்.

ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இருக்கிறது. காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மியூவான் என்ற துகள்களை அங்கே இரவு பகலாக எண்ணுகிறார்கள். அந்த மியூவான் கருவியின் பரப்பு 560 சதுர மீட்டர். 2015 ஜூன் 22 அன்று ஒரு பெரிய சூரியப் புயல் பூமியில் மோதியது. அப்போது அங்கே மியூவான் எண்ணிக்கை இரண்டு மணி நேரம் திடீரென்று கூடியது. வழக்கமாக நம் பகுதிக்கு வர முடியாமல் காந்தப்புலம் திருப்பிவிடும் காஸ்மிக் கதிர்களில் கொஞ்சம் அப்போது உள்ளே வந்திருக்கிறது. எல்லையில் காந்த மறு இணைப்பு நடந்து, புலத்தின் தடுக்கும் திறன் தற்காலிகமாகக் குறைந்தது என்று அந்தக் குழு 2016இல் ஆய்விதழில் எழுதியது.

அவர்கள் எழுதியது "தற்காலிகமாக வலுக்குறைவு". தலைப்பில் அது "விரிசல்" ஆனது. நம் கைக்கு வரும்போது "கவசம் உடைந்தது" ஆகிவிட்டது.

அந்தக் குழு எப்படி முடிவுக்கு வந்தது என்பதைக் கவனியுங்கள். மியூவான்கள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்பதை அந்தக் கருவி ஒன்பது திசைகளாகப் பிரித்துப் பார்க்கும். ஒன்பதிலும் ஒரே நேரத்தில் எண்ணிக்கை கூடியிருந்தது. அதனால் காரணம் பூமிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று சொன்னார்கள். ஊர்வலமா, நின்ற இடத்து மேளமா என்ற அதே சோதனைதான். அதோடு விடாமல், 2018இல் அதே குழு இன்னொரு கட்டுரையில் தங்களையே கேட்டுக்கொண்டது: இது காந்தப்புலம் வலுக்குறைந்ததால்தான் வந்ததா, அல்லது வெளியே கதிர்கள் ஒரு பக்கமாகக் குவிந்து வந்ததாலா? சொன்னதைத் தாங்களே மறுபடி சோதித்துப் பார்த்தார்கள். தலைப்பு எழுதியவர்கள் அப்படி எதுவும் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை.

அந்த இரண்டு மணி நேரத்தில் நமக்கு என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை. காந்தப்புலம் மட்டுமே நம்மைக் காப்பதில்லை. தலைக்கு மேலே இருக்கும் காற்று முழுவதையும் எடை போட்டால் பத்து மீட்டர் ஆழத் தண்ணீருக்குச் சமம். கதிர்களை மட்டுப்படுத்துவதில் பெரும்பங்கு அதற்கு உண்டு. பாடப்படத்தில் இதற்கு ஒரு கோடுகூடக் கிடையாது.

"அப்படியென்றால் கவலைப்பட எதுவுமே இல்லையா சார்?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது.

நமக்கு டிவி, வானிலைப் படம் தரும் இன்சாட், ஜிசாட் செயற்கைக்கோள்கள் பூமியின் மையத்திலிருந்து சுமார் 42,000 கிலோமீட்டரில் சுற்றுகின்றன. எல்லை வழக்கமாக 64,000இல். கடும் புயலில் எல்லை அமுங்கி அவற்றுக்கும் உள்ளே வந்துவிட்டால், பகல் பக்கத்தில் இருப்பவை வெட்டவெளியில் நிற்கும். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காந்தப் புயலால் ஒன்பது மணி நேரம் மின்சாரம் போனது, 60 லட்சம் பேர் இருட்டில் இருந்தார்கள். இவை நிஜமான கவலைகள். இவற்றுக்குத் தயாராக வேண்டுமென்றால் ஆற்றல் எல்லையைத் தாண்டி எப்படி உள்ளே வருகிறது என்பது தெரிய வேண்டும். அன்றாடம் நடக்கும் சின்னச் சின்ன நெளிவும் வாசலும்தான் அதற்குப் பாடம். புயல் எப்போதோ வரும். நெளிவு தினமும் வரும், தினமும் படிக்கலாம்.

நம் ஆதித்யா-எல்1 2024 ஜனவரி முதல் பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியக் காற்றை அளக்கிறது. அங்கே பார்த்த காற்று இங்கே வர ஏறத்தாழ ஒரு மணி நேரம். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் நம் வாசலிலேயே பிறக்கும் குமிழிகளும் தாரைகளும் அதற்குத் தெரியாது, அவை பிறக்கும் இடம் அதற்குப் பின்னால் இருக்கிறது. அவற்றைப் பிடிக்க எல்லைக்கு அருகிலும் காது வேண்டும், தரையிலும் காது வேண்டும்.

தரைக்காது நம்மிடம் பல காலமாக இருக்கிறது. 1859 செப்டம்பரில் வந்த மாபெரும் புயலை மும்பை கொலாபா ஆய்வகம் பதிவு செய்தது, புலம் சுமார் 1,600 நானோ டெஸ்லா சரிந்தது. உலகமே இன்றும் அந்தப் பதிவை எடுத்துப் பார்க்கிறது. மும்பையில் மின்சார டிராம் வரப்போகிறது, அளவு கெட்டுவிடும் என்று 1904இல் அலிபாக்கில் புது ஆய்வகம் தொடங்கினார்கள். திருநெல்வேலிப் பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது. காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் அந்த இடத்துக்குத் தனி மதிப்பு. பகலில் அங்கே வானத்தில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. எல்லையில் திடீரென்று ஒரு அமுக்கு விழுந்தால் அந்த மின்னோட்டம் அதைப் பெரிதாக்கிக் காட்டும். 64,000 கிலோமீட்டரில் தட்டினால் நெல்லையில் முள் அசைகிறது! எத்தனை பள்ளிகளில் இதைச் சொல்கிறோம்?

ராக்கெட் கிளம்பும்போது கைதட்டுகிறோம், தட்டத்தான் வேண்டும். அதே சமயம் பல பத்தாண்டுகளாக ஒரே இடத்தில் உட்கார்ந்து ஒரே அளவை விடாமல் எடுக்கும் ஆய்வகங்களுக்கும் பணம் வேண்டும், ஆள் வேண்டும். அவற்றைச் சுற்றி ரயில் பாதை, தொழிற்சாலை, மின்தடம் என்று நெருக்காமல் இருக்க வேண்டும். நடுவில் பத்து வருஷம் விட்டுவிட்டுப் பிறகு தொடங்கினால் விட்ட பத்து வருஷத்தை எந்தச் செயற்கைக்கோளாலும் திருப்பித் தர முடியாது.

ஒரு மறுப்பும் எனக்குத் தெரியும். ஆசிரிய நண்பர்கள் சொல்வார்கள்: "கவசம் என்பது எளிய உவமை. பிள்ளைகளுக்கு அது போதும். மறு இணைப்பு, குமிழி என்றெல்லாம் ஆரம்பித்தால் பாடம் முடியாது, பரீட்சைக்கும் வராது."

உவமை எளிமையாக இருக்கட்டும், எனக்கும் அதுதான் வேண்டும். ஆனால் கொடியில் ஆடும் வேட்டி கவசத்தைவிடக் கடினமான உவமையா? ஊர்வல மேளம் புரியாத பிள்ளை நம் ஊரில் உண்டா? ஒரு வகுப்பு நேரம் போதும். கவசம் என்று மட்டும் படித்த பிள்ளை, "விரிசல்" என்று கேட்டால் பயப்படும், அல்லது எல்லாம் பொய் என்று தள்ளிவிடும். ஆடும் எல்லை என்று படித்த பிள்ளை, "எவ்வளவு நேரம் திறந்தது? எத்தனை இடத்தில் அளந்தார்கள்?" என்று கேட்கும். பரீட்சையில் வராவிட்டாலும் வாழ்க்கை முழுக்க உதவும் கேள்வி அது.

அதனால் பணியில் இருக்கும் அறிவியல் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் மூன்று. கரும்பலகையில் அந்த எல்லையை வரையும்போது ஒரே கோடாக முடிக்காமல், உள்ளேயும் வெளியேயும் இரண்டு புள்ளிக்கோடு போடுங்கள், "இதற்கு நடுவில் ஆடிக்கொண்டே இருக்கும்" என்று சொல்லுங்கள். ரஸ்ஸல், எல்ஃபிக், சைபெக் வாதத்தைப் பத்து நிமிடம் கதையாகச் சொல்லுங்கள், மனம் மாறியதையும் சேர்த்து. காந்த ஆய்வகங்களின் வரைபடங்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு நாள் வரைபடத்தைக் காட்டி, "இதில் எங்கே தட்டியிருக்கிறது, கண்டுபிடி" என்று கேளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒன்று. அடுத்த "விரிசல்" செய்தி வரும்போது, அனுப்பியவரிடம் சண்டை போட வேண்டாம். "இதை எத்தனை வீட்டில் கேட்டார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் செல்போனை அணைக்காமல் நிம்மதியாகத் தூங்கலாம்.

சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள், தெரிந்தவரை பதில் சொல்கிறேன். மாறுபட்ட கருத்து இருந்தாலும் தாராளமாக எழுதுங்கள். கிருஷ்ணாபுரத்திலோ ஊட்டியிலோ வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், பள்ளிப் பிள்ளைகளை அங்கே அழைத்து வந்து காட்ட என்ன வழி என்று எழுதுங்கள். பல ஆசிரியர்களுக்கு அது உதவும்.